அது வீட்டுக்கு, இது இலைக்கு

போன கார்த்திகை மாதம், திருச்சியில் ஒரு பெரிய ஹோட்டலின் மேல்மாடியில், என் அத்தை இரண்டு மஃபின்களைத் திருடினார்.

திருடினார் என்பது பெரிய வார்த்தைதான். அத்தைக்கு 74 வயது. அடுத்த வீட்டுக் கறிவேப்பிலையைக்கூடக் கேட்காமல் பறித்தவர் இல்லை. ஆனாலும் அந்த நிமிடம் என் மனத்தில் வந்தது அந்த வார்த்தைதான். மேசையில் ஒரு டிஷ்யூ காகிதத்தை விரித்தார். மஃபின்களை நடுவில் வைத்து, கோயில் விபூதியை மடிப்பதுபோல நான்கு பக்கமும் நிதானமாக மடித்தார். மடியில் இருந்த பைக்குள் இறக்கி, மேலே கைக்குட்டையைப் போட்டு மூடினார். அது ஏதோ ஒரு கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை. மணப்பெண்ணின் பெயர் தெளிவாக இருந்தது. மாப்பிள்ளையின் பெயர் பாதி அழிந்துவிட்டது.

"என்ன அத்தை இது?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"டிரைவர் தம்பிக்கு. எத்தனை நேரமாகக் கீழே உட்கார்ந்திருக்கிறான், பாவம்."

"இதையெல்லாம் வெளியே எடுத்துப் போகக் கூடாது."

"ஏன்? காசு கொடுத்துத்தானே தங்குகிறோம்?"

காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த பையன் பார்த்துவிட்டான். பார்த்த மறுகணமே அந்தப் பக்கம் திரும்பி, துடைத்த இடத்தையே மறுபடி துடைக்க ஆரம்பித்தான். அந்தத் திரும்பல் எனக்கு நன்றாகத் தெரியும். 14 வருடம் நானும் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தேன்.

கேட்டரிங் டிப்ளமா முடித்து, சென்னையில் 5 வருடம், துபாயில் 9 வருடம் ஹோட்டல் லவுஞ்சுகளில் வேலை பார்த்தவன் நான். இப்போது பாபநாசத்தில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். அண்டா, குண்டான், சாம்பார் வாளி, பந்திப் பாய் எல்லாம் கிடைக்கும். கும்பகோணத்தில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்காகத் தங்கை மகன் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் வந்தான். அழைத்து வர நானும் அத்தையும் போனோம். இரவு நேரமாகிவிடும் என்று அவனே அந்த ஹோட்டலில் அறைகள் போட்டிருந்தான். மறுநாள் விடியற்காலையில் கும்பகோணம் கிளம்புவதாகத் திட்டம். வந்ததும், "மாமா, லவுஞ்சில் சாப்பிடுங்கள், எல்லாம் கணக்கில் சேர்ந்ததுதான்" என்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் ஹோட்டல் என்றால் இட்லி கிடைக்கும் இடம். படுக்கிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். இரண்டும் சேர்ந்த இடத்தில் மூன்றாவதாக லவுஞ்ச் என்று ஒன்று எதற்கு என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஹோட்டலுக்குள் ஓர் உள்வீடு மாதிரி அது. கூடுதல் வாடகையில் கிளப் அறை எடுத்தவர்களுக்கும், ஒரே குழுமத்தின் ஹோட்டல்களில் திரும்பத் திரும்பத் தங்கி மேல்படி அட்டை வாங்கியவர்களுக்கும் மட்டும் கதவு திறக்கும். வருடத்துக்கு 50 இரவு தங்கினால்தான் அந்த அட்டை என்று வைத்திருக்கும் குழுமங்கள் உண்டு. காலையில் பலகாரம், மாலையில் டீ, இரவில் கொறிக்க ஏதாவது. பில் வராது. பில் வராத இடத்தில்தான் மனிதர்களுக்குக் கை நடுங்குகிறது, அல்லது நீள்கிறது.

அத்தை கேட்ட, "காசு கொடுத்துத்தானே?" என்ற கேள்விக்கு ஹோட்டல்காரனின் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாலையில் 20 பேர் வருவார்கள் என்றால் 20 வயிற்றுக்குக் கணக்குப் போட்டுத்தான் சமையலறைக்கு எழுதி அனுப்புவோம். ஒருவர் நான்கு சமோசா தின்பார், இன்னொருவர் வெறும் காபியோடு போய்விடுவார். இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும். வயிற்றுக்கு ஓர் எல்லை இருப்பதால்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. பைக்கு அப்படி எல்லை கிடையாது. "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், எதையும் எடுத்துப் போகக் கூடாது" என்று ஒரே வாயால் சொல்வது கேட்பவருக்குக் கஞ்சத்தனமாகப் படும். கணக்குப் போட்டவனுக்கு அது ஒரே வாக்கியம்தான்.

நம் ஊர் மெஸ்காரருக்கு இது எப்போதோ தெரியும். முழுச் சாப்பாட்டுக்குச் சோறு, குழம்பு, ரசம், மோர் எதற்கும் அளவில்லை. ஆனால் சுவரில் இரண்டு வரி எழுதியிருப்பார்: பார்சலுக்குத் தனிக் கட்டணம், ஒரு சாப்பாட்டை இருவர் பகிரக் கூடாது. அதைப் படித்துவிட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. பார்சலென்று கேட்டால், நூல் சுற்றிய சாம்பார்ப் பொட்டலம், ரசப் பொட்டலம், மடித்த இலையில் பொரியல் என்று இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்குக் கட்டித் தருகிறார். ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டு எழுந்து போகலாம். வீட்டுக்கு வேண்டுமென்றால் பிரசாதக் கடையில் காசு கொடுத்துப் புளியோதரை வாங்க வேண்டும். பெருமாள் வீட்டிலேயே பந்திக்கு ஒரு வழி, பைக்கு ஒரு வழி.

ஆகவே விதி நமக்குப் புதிதில்லை. அப்படியிருக்க, மெஸ்ஸில் சரியாக நடந்துகொள்ளும் அதே மனிதர் லவுஞ்சில் ஏன் டிஷ்யூ காகிதத்தைத் தேடுகிறார்? வேலையில் இருந்தபோது இதைப் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். விடை எனக்குக் கிடைத்தது லவுஞ்சில் அல்ல, என் மாமாவிடம்.

அம்மாவின் அண்ணன் அவர். பெரிய சமையல்காரர் இல்லை. சமையல் கோஷ்டியோடு போய்ப் பந்தி விசாரிப்பவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசாரணை என்றால் போலீஸ்தான் நினைவுக்கு வரும். பந்தி விசாரணை என்பது வேறு. இலைகளுக்கு நடுவே முதுகை லேசாக வளைத்து நடந்து, யாருக்கு என்ன குறை என்று முகத்தைப் பார்த்தே அறிவது. ரசத்துக்குக் காத்திருப்பவர் யார், அப்பளம் விட்டுப்போன குழந்தை எது, வெட்கப்பட்டுக்கொண்டு பாதி வயிற்றோடு எழப் போகிறவர் யார் என்று பார்ப்பது. நான்கு பந்தி ஓடும் கல்யாணத்தில் நான்காவது பந்தியிலும் அவர் குரல் அதே குரலாக இருக்கும்.

எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது. அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். தங்கைக்குக் காய்ச்சல், அப்பாவோடு வீட்டில் இருந்துவிட்டாள். அம்மாவும் நானும் மட்டும் போனோம். இலையில் ஜாங்கிரி விழுந்தது. அம்மா அதைத் தொடவில்லை. மற்றது படாமல் இலையின் நுனிப் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். குழம்பு ஓடி வந்தபோது சோற்றால் ஒரு சின்ன வரப்புக் கட்டி மறித்தாள். அந்த வரப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஜாங்கிரியின் ஓரம் நனையாமல் காப்பாற்ற, காவிரிக்குக் கரை போடுபவளைப்போல அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோர் முடிந்ததும், இலையின் ஓரத்தைக் கிழித்து அதைச் சுருட்டப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவள் என் வகுப்புப் பெண்.

மாமா அந்த வரிசையில் வந்தார். அம்மாவின் இலையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்த பையனின் தட்டிலிருந்து இன்னொரு ஜாங்கிரியை எடுத்து இலையின் நடுவில் வைத்தார். "அது வீட்டுக்கு. இது இலைக்கு. சாப்பிடு" என்றார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். சொன்னதும், ஒளித்துக்கொண்டு போக வேண்டியிருந்த ஒரு ஜாங்கிரி, கல்யாண வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய ஜாங்கிரியாகிவிட்டது. சொன்னவர் அம்மாவின் கூடப்பிறந்தவர் என்பதால் மட்டும் அல்ல. பிறகு எத்தனையோ பந்திகளில் முன்பின் தெரியாதவர்களுக்கும் அவர் அதையே செய்து பார்த்திருக்கிறேன்.

பந்தியில் நாம் எதையும் எடுப்பதில்லை. நமக்கு வைக்கிறார்கள். போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினாலும் விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி விழுகிறது. கேட்க வேண்டிய வேலையும் நமக்கு இல்லை, மறுக்கும் உரிமையும் பெரிதாக இல்லை. எவ்வளவு, யாருக்கு, வீட்டுக்கு உண்டா என்ற விதிகள் எல்லாம் பரிமாறுகிறவரின் கரண்டியில் இருந்தன. சம்பந்தி வீட்டார் ஊருக்குக் கிளம்பும்போது, யாரும் கேட்காமலே புளியோதரையும் தயிர்சாதமும் பட்சணமும் கூடையில் ஏறும். கட்டுச்சாதம் என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. மற்றவர்களுக்குத் தாம்பூலப் பை. வாசலில் நின்று கையில் திணிப்பார்கள். அது கையில் விழாமல் வீடு திரும்பினால் மனத்தாங்கல் வந்துவிடும் ஊர் இது.

இப்படி வளர்ந்தவரைக் கொண்டுபோய் லவுஞ்சில் விடுங்கள். சாப்பாடு இருக்கிறது, வைப்பதற்கு ஆள் இல்லை. வரிசையாகத் தட்டுகள், மூடிய பாத்திரங்கள், இடுக்கி. தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று போதுமா, மூன்று போட்டால் யாராவது பார்ப்பார்களா என்பதையும் தானே தீர்மானிக்க வேண்டும். யாரையாவது கேட்கலாமே என்றால், கேட்பது நமக்குக் கேவலம். சாப்பாட்டை வாய்விட்டுக் கேட்பவரைப் பற்றித் தஞ்சாவூர்ப் பக்கத்தில் என்னென்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். கேட்பதைவிடக் கேட்காமல் எடுத்துக்கொள்வது கௌரவம் என்று தோன்றிவிடுகிறது. வினோதமான கௌரவம்தான், ஆனால் நான் பார்த்த டிஷ்யூ பொட்டலங்களில் பாதி அதனால் கட்டப்பட்டவை.

மீதிப் பாதி பேராசை. அதையும் சொல்லிவிட வேண்டும். துபாயில் ஒருவர் இருந்தார். எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல மாட்டேன். தினமும் மாலையில் குளிர்பான டப்பா ஆறு எடுத்துக் கைப்பெட்டிக்குள் அடுக்குவார். அவரிடம் அந்தக் குழுமத்தின் மிக உயர்ந்த அட்டை இருந்தது. மேலாளர் அவரைப் பார்த்துப் புன்னகைப்பார். எங்களுக்கு வந்த உத்தரவு, "அவர் கேட்பதற்கு முன்னால் பெட்டியைப் பிடித்துக் கொடு".

அதே லவுஞ்சில்தான் நான் ஒரு தவறு செய்தேன்.

ஒரு குடும்பம். கணவன், மனைவி, மூன்று வயதுப் பையன். பேச்சைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம். யாரோ அவர்களுக்கு அறையைப் பரிசாகப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அந்த இடம் அவர்களுக்குப் பழக்கம் இல்லை என்பது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது. காலைப் பலகாரத்தில் அன்று இட்லி இருந்தது. அந்தப் பெண் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து மூன்று இட்லி வைத்தாள். நான் போனேன். புதிதாக வேலை உயர்வு வந்த சமயம். விதியைச் சொன்னேன். தமிழில் சொன்னேன், தமிழில் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "இவனுக்குப் பத்தரை மணிக்கு மருந்து கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது" என்றார். பிறகு, "இல்லை, வேண்டாம்" என்று டப்பாவை அவரே வாங்கி இட்லிகளைத் தட்டில் கவிழ்த்தார். ஒன்று உடைந்தது. நான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அவர் புரியாததுபோலச் சிரித்துக் கடந்திருக்கலாம். தமிழில் சொல்லி அந்த வழியையும் அடைத்துவிட்டேன். மறுநாள் காலை அவர்கள் லவுஞ்சுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எதிர்க்கடையில் பன் வாங்கிக்கொண்டு வந்ததை வாசல் காவலர் சொன்னார்.

மாமாவாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை நான் யோசிக்காத வாரம் இல்லை. நான்காவது இட்லியை வைத்திருப்பார்.

அந்த விதிக்குக் காரணமே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் காரணம் கெட்டுப்போவது. சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிடக்கும் நேரம்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதனால் சூடானதை 60-க்கு மேலேயும் குளிர்ந்ததை 5-க்குக் கீழேயும் வைத்து, வெப்பமானியைச் செருகிச் செருகிப் பார்த்துத் தாளில் எழுதுவோம். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான எல்லை. நீங்கள் பையில் போட்டதும் அந்தக் கடிகாரம் எங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. பிஸ்கட், முழுப் பழம், ரொட்டி பரவாயில்லை. சோறு ஆபத்து. பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு பாக்டீரியா. அதன் வித்துகள் உலையில் வெந்தாலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. பழைய சோற்றில் வளர்ந்த நமக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். பழையதில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம். அது வேறு கணக்கு. மாலை ஆறு மணிக்கு எடுத்த ஃப்ரைடு ரைஸை இரவு பதினொன்றுக்கு அறையில் தின்றுவிட்டு, விடியற்காலையில் வரவேற்பறைக்குப் போன் செய்தவர்களை நான் அறிவேன். எங்கே வைத்திருந்தீர்கள் என்று நாங்கள் கேட்க முடியாது.

மது இன்னும் கண்டிப்பு. இங்கே நட்சத்திர ஹோட்டல்களுக்கு எஃப்.எல்.3 என்று உரிமம் கொடுக்கிறார்கள். ஊற்றுவதும் குடிப்பதும் உரிமம் பெற்ற இடத்துக்குள் நடக்க வேண்டும். கோப்பையோடு லிஃப்டில் ஏறுபவரை ஓடிப் போய்ப் பிடிப்பது பணியாளரின் திமிர் இல்லை.

"எப்படியும் குப்பையில்தானே கொட்டப் போகிறார்கள்?" என்பது நான் அதிகம் கேட்ட வாதம். உண்மைதான், கொட்டினோம். பரப்பி வைத்த பாத்திரத்தில் மிஞ்சியதை மறுநாள் வைக்க முடியாது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 28 விழுக்காடு ஹோட்டல், உணவகம் போன்ற இடங்களில். 60 விழுக்காடு வீடுகளில். ஆகவே ரொம்பவும் விரல் நீட்ட வேண்டாம். மிஞ்சியதை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொடுப்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் தனி ஒழுங்குமுறையே போட்டிருக்கிறது. ஆனால் மாலை ஆறு மணிக்குத் தட்டைக் காலி செய்து பையில் போட்டால் ஒரு பருக்கையும் மிச்சமாகாது. உள்ளேயிருந்து அடுத்த தட்டு வரும், அவ்வளவுதான். மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கேட்டால் கதை வேறு. அந்த நேரத்தில் எந்தப் பணியாளருக்கும் மனம் இளகியிருக்கும். கொட்டப் போவது அவன் கை.

வெளியூர் போகும் உறவினர்கள் இப்போதும் என்னிடம் போனில் கேட்கிறார்கள். காபியைக் காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டு போகலாமா? தாராளமாக, கோப்பையை மூடியோடு அடுக்கி வைத்திருப்பதே அதற்குத்தான். ஒரு வாழைப்பழம், ஒரு ஆப்பிள்? கையில் வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு நடங்கள், பையில் போடாதீர்கள். அறையில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் சொல்லுங்கள், தட்டு தானாக வரும். பட்டியலில் இல்லாத மைத்துனரை உள்ளே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சில இடங்களில் அவருக்குக் காசு கட்டினால் விடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து டப்பா கொண்டு போகவே வேண்டாம். குழந்தைக்கு என்றால் முதலில் பணியாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், அந்த முட்டாள் பையன் வந்து தமிழில் விதி பேசுவதற்கு முன்னால். முக்கியமாக, விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தால் முதல் நாள் இரவே வரவேற்பறையில் சொல்லிவையுங்கள். காலைப் பலகாரத்தை அட்டைப் பெட்டியில் கட்டித் தரும் வழக்கம் பல ஹோட்டல்களில் உண்டு. நம் கட்டுச்சாதம்தான், சாண்ட்விச் வடிவத்தில். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரத்தநாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் இறக்கிவிட்டு, முத்தாம்பாள் சத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துச் சத்திரம். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் வழி நெடுகக் கட்டியவற்றில் ஒன்று. சத்திரங்களை எப்படி நடத்துகிறோம் என்று சரபோஜி 1801இல், தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாச் சாதி வழிப்போக்கர்களுக்கும் சோறு போடுகிறோம் என்கிறார். சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மசாலாப் பொருள்களும் அப்படியே கொடுப்பார்களாம். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைத்த பிறகுதான் அன்றைய கணக்கு முடியும். லவுஞ்சிலும் மூடும் நேரம் உண்டு. நாங்கள் மணி அடித்ததில்லை. விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம்.

திருச்சிக்கு வருகிறேன். அத்தை எழுந்தார். நான் முன்னால் நடந்தேன், கூட வந்தவர் போலக் காட்டிக்கொள்ளாமல். கேட்டு வாங்குங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் நான், அந்தப் பையனிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கதவருகில் திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணவில்லை. காபி இயந்திரத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, கீழே எங்கள் டிரைவர் பையன் இருக்கிறான். அவனுக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். தப்பென்றால் சொல்லிவிடு, திரும்ப வைத்துவிடுகிறேன்" என்று பையைத் திறந்து காட்டினார்.

பையன் என்னைப் பார்த்தான், மேற்பார்வையாளர் உட்காரும் மேசையைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. "இரவு முழுக்க அவருக்கு இது எப்படிப் போதும் பாட்டி?" என்று சொல்லிவிட்டு, பழத்தட்டிலிருந்து நான்கு வாழைப்பழங்களை எடுத்து ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தான். எந்த ஊர் என்று அத்தை கேட்டார். லால்குடி என்றான்.

விருந்தினர்களின் டிரைவர்களுக்குப் படுக்க இடமும் கழிப்பறையும் ஹோட்டல்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளில் சேர்த்தது. படுக்கைக்கு விதி வந்துவிட்டது. சாப்பாடு இன்னும் அத்தைகள் கையில்தான் இருக்கிறது. எங்கள் டிரைவர் காருக்குள் கறுப்பு வேட்டியோடு சாய்ந்திருந்தான். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். அத்தை டிஷ்யூவைப் பிரித்து நீட்டினார்.

"கேக்கா பாட்டி? முட்டை இருக்குமே" என்று கையை இழுத்துக்கொண்டான். வாழைப்பழங்களை வாங்கிக்கொண்டான்.

"இதில் முட்டையா?" என்று அத்தை என்னைக் கேட்டார். தட்டுக்கு முன்னால் ஆங்கிலத்தில் சின்ன அட்டையில் போட்டிருந்தது என்றேன். அத்தை அதற்குப் பிறகு பேசவில்லை. முட்டை கலந்த பாத்திரத்தைக்கூடத் தனியாகத் தேய்ப்பவர் அவர். லவுஞ்சில் ஒன்று சாப்பிட்டிருந்தார்.

மறுநாள் கும்பகோணத்தில் மதியம் மூன்றாவது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தபோது, தோளில் துண்டு போட்ட ஒருவர் மண்டபத்து வாசலுக்கு வந்து, கார்கள் நிற்கும் பக்கம் பார்த்துக் கை தட்டினார். "டிரைவர்கள் யாரும் சாப்பிடாமல் இருந்தால் வாருங்கள், இலை போட்டாயிற்று." ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். எங்கள் பையன் ஒரு பாயசம் கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக அத்தை சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மஃபின்கள் பைக்குள்ளேயே கிடந்தன. சாயங்காலம் அண்டா ஏற்ற வந்த என் கடைப் பையன்கள் பாதியாகப் பிட்டுத் தின்றார்கள். நன்றாக இருக்கிறதே, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டான் ஒருவன்.

திருச்சியில் என்றேன்.